வழிநடையில் தண்ணீரும் கழிப்பிடமும்

ஆவணி பிறந்தால் போதும். தஞ்சைத் தரணியின் சாலைகள் காவி நிறம் பூண்டுவிடுகின்றன. திருச்சி, புதுக்கோட்டை, சேலம் எனப் பல திசைகளிலிருந்தும் புறப்பட்ட யாத்திரிகர்கள் தோளில் துண்டும் கையில் ஜெபமாலையுமாகக் கிழக்கே கடலை நோக்கி நடக்கின்றனர். ஆகஸ்டு 29-ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடியேற்றம். செப்டம்பர் 8-ஆம் நாள் அன்னையின் பிறப்புப் பெருவிழா. தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர், நாகப்பட்டினம் வழியே சென்றால் தொலைவு நூறு கிலோமீட்டருக்குச் சற்றேறக்குறைய வரும். குழந்தைகளும் முதியோரும் உடன்வரும் குழுவுக்கு அது நான்கு நாள் நடை. இடையில் மூன்று இரவுகள் எங்கேனும் தங்கியாக வேண்டும்.

இந்த நடைப்பயணத்தைப் பற்றி நம் குடும்பங்களில் எவ்வளவோ பேசுகிறோம். எந்தக் கிழமை புறப்படுவது, சப்பரத்துக்கு என்ன பூ, ஒலிபெருக்கியை யார் கொண்டுவருவது என்பன குறித்துப் பங்கில் இரண்டு மூன்று கூட்டங்கள்கூட நடைபெறுவதுண்டு. ஆனால் இருபத்துநான்கு பேர் நான்கு நாளும் எங்கே மலஜலம் கழிப்பார்கள், அதற்கு வேண்டிய தண்ணீர் எங்கிருந்து வரும் என்னும் கேள்வியை எவரும் எழுப்புவதில்லை. கேட்பதற்கே கூச்சம். "அதெல்லாம் போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாரேனும் சொல்வார். கூட்டம் ஜெபத்துடன் முடிவுறும்.

எங்கள் குழுவின் கூட்டமும் முதல் ஆண்டில் அப்படித்தான் முடிவுற்றது.

அத்தை குடிக்காத தண்ணீர்

எங்களுடன் சிறிய சரக்கு வண்டி ஒன்று வந்தது. முன்புறம் மாதா சுரூபம். பின்புறம் அரிசி மூட்டை, அடுப்பு, பாய்கள், 200 லிட்டர் கொள்ளும் நீல நிற டிரம் ஒன்று. இரண்டாம் நாள் நண்பகலில், கொரடாச்சேரியைத் தாண்டியதும், என் அத்தை சாலையோரப் புளியமரத்தடியில் மயங்கிச் சாய்ந்துவிட்டார்கள். வெயிலின் கொடுமை என்றோம். விரதத்தின் களைப்பு என்றார் ஒருவர். உப்பும் சர்க்கரையும் கரைத்துப் புகட்டியபின் அவர்கள் மெல்லச் சொன்னார்கள்: "காலையிலேருந்து தண்ணி குடிக்கலப்பா. குடிச்சா ஒதுங்கணும். எங்கே போய் ஒதுங்குறது? ரெண்டு பக்கமும் வயல்; ரோட்டுல ஆம்பிளைங்க."

விசாரித்தபோது, குழுவிலிருந்த பதினொரு பெண்களுள் ஒன்பது பேர் அவ்வாறே தாகத்தை அடக்கிக்கொண்டு நடந்து வந்தனர் என்பது தெரிந்தது. அந்நேரம் எங்கள் டிரம்மில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது.

அன்றிரவு ஒரு வாய்க்கால் கரையில் தங்கினோம். இருட்டில் ஆளுக்கொரு திசையில் ஒதுங்கினார்கள். விடிந்ததும் அக்கரைக் குடிசையிலிருந்து மூதாட்டி ஒருவர் வந்தார். "மாதாவுக்குப் போறீங்க, நல்லாப் போயிட்டு வாங்க ஐயா. ஆனா இந்த வாய்க்கால்லதான் நாங்க சட்டி பானை கழுவுறோம், பிள்ளைங்க குளிக்குது" என்றார். அவர் கோபித்திருந்தால் நாங்களும் ஏதேனும் பதில் பேசியிருப்போம். அவர் கோபிக்கவில்லை. எங்களுள் ஒருவராலும் வாய் திறக்க முடியவில்லை.

திரும்பி வந்தபின் இது பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அப்போதுதான், நம்முடைய சிறிய வண்டியின் துன்பமும் மேல்நாட்டுச் செல்வர்களின் துன்பமும் ஒன்றே என்பது விளங்கியது. அங்கே விடுமுறைக் காலத்தில் காரின் பின்னே வீடு போன்ற வண்டியைக் கட்டி இழுத்துச்சென்று, குழாயும் சாக்கடையும் மின்சாரமும் இல்லாத காட்டில் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். 1885-இல் மருத்துவர் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் 'வாண்டரர்' என்னும் குதிரை வண்டி வீட்டைச் செய்வித்துக்கொண்டு இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்து வரை சென்றதே இவ்வழக்கத்தின் தொடக்கம் என்பர். (நம் பாட்டன்மார் கூண்டு வண்டியில் பாய், பாத்திரம், வைக்கோல் சகிதம் திருவிழாவுக்குப் போனதை எவரும் வரலாற்றில் எழுதி வைக்கவில்லை!) அவர்களுடைய வண்டியில் நல்ல நீருக்கு ஒரு தொட்டி, கழுவிய நீருக்கு ஒரு தொட்டி, கழிவுக்கு ஒரு தொட்டி. நல்ல நீர் தீர்ந்தால் பயணம் முடிந்தது. கழிவுத் தொட்டி நிறைந்தாலும் பயணம் முடிந்தது. ஆகவே அவர்கள் கழிப்பிடத்தை முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். தண்ணீர்க் கணக்கை அதன் பின்னரே போடுகிறார்கள். நாமோ தண்ணீரை மட்டும் ஏற்றிக்கொண்டு புறப்படுகிறோம்.

ஆளுக்குப் பத்து லிட்டர்

பேரிடர் முகாம்களுக்கென உலகத் தொண்டு நிறுவனங்கள் கூடி வகுத்த 'ஸ்பியர்' நெறிகள் என ஒரு தொகுப்பு உண்டு. அப்பணி 1997-இல் தொடங்கிற்று. ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர், இருபது பேருக்கு ஒரு கழிப்பிடம் என்பன அதன் குறைந்த அளவுகள். உயிர்வாழ மட்டும் போதுமான அளவு ஏழரை லிட்டரிலிருந்து தொடங்குகிறது. இந்த அளவுகளை முன்வைத்து நாங்கள் கணக்கிட்டோம். வெயிலில் நடப்பவருக்குக் குடிக்க 4 லிட்டர், சமையலுக்கு 3, கை, வாய் கழுவ 2, மலங்கழித்தபின் கால் கழுவ 1. ஆக மொத்தம் பத்து. குளியலுக்கு வழியிலுள்ள ஆலயக் குழாயோ ஆற்றுத் துறையோ பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இல்லையேல் நனைத்துப் பிழிந்த துண்டால் உடம்பைத் துடைத்துக்கொள்வதில் குற்றமொன்றுமில்லை.

இருபத்துநான்கு பேருக்கு 240 லிட்டர். எடையில் 240 கிலோ. ஒரு நாளுக்கு ஒரு டிரம்மும் 20 லிட்டர் கேன்கள் இரண்டும் போதும் என்றாயிற்று. இதே குழுவினர் ஊற்றிக் கழுவும் கழிப்பிடம் ஒன்றை உடன்கொண்டு போவதாக வைத்துக்கொள்வோம். பிந்தேஷ்வர் பாடக் 1970-இல் தொடங்கிய சுலப் இயக்கம் பரப்பிய சரிவான பீங்கானுக்கு ஒரு முறைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் போதும். சிக்கனத்துக்குப் பேர்பெற்ற அமைப்பு அது. ஆயினும் ஒருவர் நாளைக்கு ஐந்து முறை சென்றால் பத்து லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் கழுவவும் வேண்டிய முழுத் தண்ணீரும் எவ்வளவோ, அவ்வளவும் மலக்குழிக்கே போய்விடுகிறது! நகரத்து வீடுகளில் சங்கிலி இழுத்தால் கொட்டும் பழைய தொட்டிகள் பத்து லிட்டருக்கு மேல் விழுங்கும். அக்கணக்கைப் பார்க்கவே வேண்டாம்.

தண்ணீரைச் சிக்கனப்படுத்தும் வித்தை நம் பாட்டிமாருக்குத் தெரியாததன்று. கட்டுச்சோறு எதற்காக ஏற்பட்டது? புளியோதரையும் எலுமிச்சைச் சோறும் வீட்டிலேயே கிளறிக் கட்டிக்கொண்டால் முதல் நாள் அடுப்பே மூட்ட வேண்டாம். உண்பதற்கு வாழையிலையோ தையல் இலையோ போதும். தட்டுக் கழுவும் வேலை இல்லை. இருபத்துநான்கு தட்டுகளை மூன்று வேளை கழுவினால் எவ்வளவு நீர் போகும் என்பதை வீட்டுப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். சோறு வடிக்கும் கஞ்சியைக் கொட்டாமல் உப்பிட்டு, நடப்பவருக்குக் கொடுக்கலாம். அரிசி களைந்த நீர் அடுத்து காய் கழுவ உதவும். அதன் பின் அண்டாவின் பிசுக்கை ஊறவைக்க உதவும்.

டிரம்மில் செம்பைவிட்டு மொள்வது கூடாது. ஒவ்வொரு கையும் நீரில் படுகிறது. மொண்டதில் பாதி கீழே கொட்டுகிறது. அடிப்புறத்தில் குழாய் பொருத்திவிட்டால் இரண்டு கேடும் இல்லை. கை கழுவுவதற்கு மற்றோர் எளிய ஏற்பாடு உண்டு. 1980-களில் ஜிம்பாப்வே நாட்டிலிருந்து பரவியது. 5 லிட்டர் பிளாஸ்டிக் கேனில் சிறு துளையிட்டு, இரண்டு கவட்டைக் கம்புகளுக்கு இடையே கட்டித் தொங்கவிட்டு, வாயில் கட்டிய கயிற்றின் மறுமுனையைத் தரையில் ஒரு குச்சியோடு இணைப்பது. குச்சியைக் காலால் மிதித்தால் கேன் சாயும், மெல்லிய தாரையாக நீர் விழும். காலை எடுத்தால் நிமிரும். அழுக்குக் கை எதன்மீதும் படுவதில்லை. செம்பால் ஊற்றிக் கழுவும் நீரில் சிறு பங்கே செலவாகிறது. பக்கத்தில் சோப்பை ஒரு கயிற்றில் கட்டிவிட வேண்டும். கட்டாவிட்டால் சோப்பு முதல் இரவே காணாமற்போகும். அனுபவத்தில் கண்ட உண்மை!

வழியில் நிரப்பும் நீரைப் பற்றியும் ஒரு சொல். மேட்டூர் அணையை டெல்டாவுக்குத் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. 2022-இல் மே 24-ஆம் நாளே திறந்தார்கள். 2024-இலோ ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆகவே ஆவணியில் வாய்க்காலில் நீர் ஓடும் என்று நம்பிப் புறப்படலாகாது. ஓடினாலும் அது குடிநீரன்று. தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறம் உரைத்துக் கலங்கலைத் தெளியவைக்கும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அருமையான பழக்கம், ஆனால் மண் அடியில் படியுமேயன்றி நோய்க்கிருமி சாகாது. தெளிந்த நீருக்கும் குளோரின் வேண்டும். 1,000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் இரண்டரை கிராம் என்பது மருத்துவ நூல்கள் தரும் அளவு. அப்படியானால் ஒரு டிரம்முக்கு அரை கிராம்தான். கண்ணளவில் போட இயலாத அளவு. குளோரின் மாத்திரைகளை வாங்கிக்கொள்வதே மேல். 20 லிட்டருக்கு ஒன்று என்னும் கணக்கில் கிடைக்கின்றன. உறையில் அச்சிட்ட அளவைப் பார்த்துப் போட்டு, அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். ஆண்கள் சிலர் வாசனை பிடிக்கவில்லை என்று முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

குழி தோண்டினால் நீர் ஊறும் நிலம்

"எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? ஒரு குழி தோண்டி மூடினால் போகிறது" என்று கேட்கலாம். பாளையமிறங்கிய மக்கள் ஊருக்கு வெளியே ஓர் இடம் வகுத்து, ஆயுதங்களோடு ஒரு முளைக்கோலையும் எடுத்துச்சென்று, தோண்டிக் கழித்து மண்ணால் மூட வேண்டும் என்று இணைச்சட்ட நூலின் 23-ஆம் அதிகாரமே கட்டளையிடுகிறது. நாம் முன்பு உபாகமம் என்று அழைத்த நூல்தான். அது வறண்ட பாலைநிலத்துக்குப் பொருந்திய நல்ல சட்டம். காவிரிப் படுகையின் நிலைமை வேறு.

மலக்குழியின் அடிமட்டம் நிலத்தடி நீருக்குக் குறைந்தது ஒன்றரை மீட்டர் மேலே இருக்க வேண்டும். கிணற்றுக்கும் குழிக்கும் 30 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது மேற்சொன்ன முகாம் நெறி. ஆற்றில் நீர் ஓடும் காலத்தில் நம் வயலோரங்களில் இரண்டு முழம் தோண்டினாலே நீர் கசிகிறது. ஒன்றரை மீட்டருக்கு எங்கே போவது? நாகப்பட்டினத்தை நெருங்க நெருங்க நிலை இன்னும் நுட்பமானது. கடலோர மணல்மேடுகளின் அடியில் மழைநீர் மெல்லிய ஏடாகத் தங்கியிருக்கும். அதற்குக் கீழே உப்புநீர். அந்த ஏட்டை நம்பியே எத்தனையோ கிணறுகள் இருக்கின்றன. நாகை, வேதாரண்யம் கடற்கரை ஊர்களுக்குக் கொள்ளிடத்திலிருந்து குழாயில் நன்னீர் கொண்டுவர வேண்டியிருப்பதும் நிலத்தடி நீர் அவ்வளவு அருமையாக இருப்பதால்தான். ஆயிரக்கணக்கான யாத்திரிகர் ஆளுக்கொரு குழி தோண்டினால் அந்தக் கிணறுகள் என்னவாகும்?

இந்நிலத்துக்கு ஏற்றது உலர் கழிப்பிடமே என்னும் முடிவுக்கு நான் வந்தது இவ்வாறுதான். அதன் கதை சுவையானது. இங்கிலாந்தில் ஃபோர்டிங்டன் என்னும் ஊரின் ஆங்கிலிக்கன் குருவாக இருந்தவர் ஹென்றி மூல். 1849-இலும் 1854-இலும் காலரா அவ்வூரைத் தாக்கியது. நோயாளிகளின் குடிசைகளை நாடிச் சென்ற அவர், நோயின் ஊற்று மலக்குழியில் இருப்பதாக நம்பித் தம் வீட்டுக் குழியை மூடிவிட்டார். வாளியில் சேர்ந்த மலத்தைத் தோட்டத்தில் மண்ணோடு கலந்து புதைத்து வந்தார். மூன்று நான்கு வாரங்களில் மலத்தின் சுவடே காணப்படவில்லை. உலர்ந்த மண் நாற்றத்தையும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது என்பதைக் கண்டு, ஒவ்வொரு முறையும் உலர்மண் தூவும் இருக்கை ஒன்றைச் செய்து 1860-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். பிற்காலத்தில் வியட்நாம் நாட்டு உழவர் 1950-களில் சிறுநீரை வேறாகவும் மலத்தை வேறாகவும் பிரிக்கும் இரட்டை அறைக் கழிப்பிடங்களைக் கட்டிக்கொண்டனர்.

நம் அருகிலேயே இதற்குப் பெயர்பெற்ற ஊர் இருக்கிறது. காவிரியின் வடகரையில், திருச்சி மாவட்டத்து முசிறி. மா. சுப்புராமன் அவர்களின் 'ஸ்கோப்' தொண்டு நிறுவனம் அங்கே உலர் கழிப்பறைகளைப் பரப்பிற்று. 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவ்வூரின் பொதுக் கழிப்பிடத்தில் 2008-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு புதுமை நடந்தது: போகிறவர் காசு கொடுக்க வேண்டியதில்லை, போகிறவருக்கே ஒரு முறைக்குப் பத்துக் காசு கொடுத்தார்கள்! சேர்ந்த சிறுநீரை உரமாகக் கொண்டு பயிர் ஆய்வுகளும் நடைபெற்றன. 2004 சுனாமிக்குப் பின் வேளாங்கண்ணிக்குத் தெற்கே காமேஸ்வரம் போன்ற கடலோர ஊர்களிலும் இவ்வகைக் கழிப்பறைகள் கட்டப்பட்டன. நீர் மட்டம் உயர்ந்த மணற்பாங்கில் வேறு எதுவும் சரிவராது என்பதே காரணம்.

இதன் அமைப்பு எளிது. பீங்கானில் மூன்று பகுதிகள். நடுவிலுள்ள துளை மலத்துக்கு. முன்புறத்துக் குழிவு சிறுநீருக்கு. சற்றுத் தள்ளியுள்ள இடம் கால் கழுவும் நீருக்கு. மலத்தின்மேல் ஒரு கை சாம்பலைத் தூவிவிட்டால் அது உலர்கிறது. ஈக்கு அங்கே வேலை இல்லை. நாற்றத்தை உண்டாக்குவது பெரும்பாலும் மலமும் நீரும் சிறுநீரும் ஒன்றாய்க் கலந்து கிடப்பதே. மூன்றையும் பிரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடுகிறது. நிலையாகக் கட்டியவற்றில் ஓர் அறை நிறைந்ததும் மூடி மறு அறையைத் திறப்பார்கள். நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் ஓராண்டுக்கு மேல் மூடிவைத்த பின்னரே அதனைத் தோட்டத்துக்கு எடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2006-இல் தந்த அறிவுரை.

வண்டியிலே செல்வோர்க்கு வேறு வழிகளும் உண்டு. மேல்நாட்டு வண்டி வீடுகளில் நீல நிற மருந்து ஊற்றிய பெட்டிக் கழிப்பிடம் வழக்கம். கைக்கடக்கமானது, நாற்றமும் குறைவு. ஆனால் சில மருந்துகளில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. அதைக் கொண்டுபோய் செப்டிக் தொட்டியில் கொட்டினால் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களே மடிந்துவிடும். வாய்க்காலில் கொட்டினால் சொல்லவே வேண்டாம். பனிமலையில் காவல் நிற்கும் வீரர்களுக்காகப் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் நுண்ணுயிர்களைக் கொண்டு மலத்தைச் செரிக்கும் தொட்டியை உருவாக்கியது. இப்போது நம் ரயில் பெட்டிகளின் அடியில் தொங்குவது அதன் வழிவந்ததே. பெரிய குழுக்கள் அத்தகைய தொட்டி பொருத்திய நடமாடும் கழிப்பறை வண்டியை வாடகைக்குப் பெறலாம். பணமும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். எங்கள் இருபத்துநான்கு பேருக்கு அது கட்டுப்படியாகவில்லை.

இரண்டு வாளி, ஒரு மூட்டை சாம்பல்

அடுத்த ஆண்டு நாங்கள் செய்தது இதுதான். மூங்கில் கழிகளில் தார்ப்பாய் கட்டிய இரண்டு மறைப்புகள். ஒன்று பெண்களுக்கு, ஒன்று ஆண்களுக்கு. ஒவ்வொன்றிலும் மூடியுள்ள 20 லிட்டர் வாளி, அதன்மேல் துளையிட்ட பலகை இருக்கை. குத்துக்காலிட முடியாத முதியோர்க்கு இவ்விருக்கை பேருதவியாயிற்று. வீட்டிலும் இப்படியொன்று செய்து தரும்படி மூவர் கேட்டார்கள். சிறுநீருக்குத் தனியே புனலும் கேனும். கால் கழுவுமிடத்தில் மணலும் சரளையும் நிரப்பிய ஆழமற்ற பள்ளம்.

சாம்பலுக்கு டெல்டாவில் பஞ்சமா? நெல் அரைக்கும் ஆலை இல்லாத ஊர் எது? ஊருக்கு அருகே ஓர் ஆலையில் உமிச்சாம்பல் ஒரு மூட்டை இலவசமாகவே கொடுத்தார்கள். கூடவே உலர்ந்த உமி ஒரு மூட்டை. இரண்டையும் கலந்து தூவினோம். சாம்பல் மட்டுமே போட்டால் காற்றில் பறந்து கண்ணில் விழுகிறது என்பதை முதல் மணி நேரத்திலேயே கற்றுக்கொண்டோம்.

சிறுநீரின் அளவுதான் எங்களைத் திகைக்க வைத்தது. ஒருவருக்கு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல். குழு முழுமைக்கும் 25, 30 லிட்டர். மலமோ ஆளுக்குக் கால் கிலோ என்று வைத்தாலும் ஆறு கிலோவைத் தாண்டாது. இவ்வளவு சிறிய சுமையைத்தான் நூற்றுக்கணக்கான லிட்டர் நீரில் கரைத்து, ஊர் முழுவதற்கும் தொல்லையாக்குகிறோம். சிறுநீரைப் பல மடங்கு நீர் கலந்து தென்னை மரத்தடியில் ஊற்றலாம்; தோப்புக்காரரின் சம்மதம் கேட்ட பின்பே அவ்வாறு செய்தோம். அதற்கு வேண்டிய நீர் பாத்திரம் கழுவிய நீர்தான். நல்ல நீரை அதற்குத் தொடவில்லை.

பெண்களின் மறைப்பில் இன்னும் சில பொருள்கள் தேவைப்பட்டன. அவற்றைச் சொன்னவர்கள் பெண்களே. உள்ளிருந்து கட்டிக்கொள்ளும் கதவு. உயரத்தில் ஒரு கைவிளக்கு. தாழ்வாக வைத்தால் தார்ப்பாயில் நிழல் தெரியும் என்பது ஆண்களின் சிந்தையில் எட்டவே இல்லை. மாதவிலக்குத் துணிகளையும் பஞ்சுகளையும் போட மூடியுள்ள தனி டின். அவற்றை வாளியில் போட்டால் மட்காது. மறைப்பு சாலையிலிருந்து விலகியும் இருக்க வேண்டும். கூப்பிட்டால் கேட்கும் தொலைவிலும் இருக்க வேண்டும்.

வாளியை எடுப்பது யார்?

இக்கேள்வியில்தான் எங்கள் கூட்டம் நெடுநேரம் மௌனமாயிற்று. "ஊருக்குள்ளே யாரையாவது கூப்பிட்டு ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் கொண்டுபோய்க் கொட்டிவிடுவார்கள்" என்றார் ஒருவர். யாரைக் கூப்பிடுவார் என்பது அனைவர்க்கும் தெரியும். தலைமுறை தலைமுறையாக எந்தத் தெருவிலிருந்து அழைக்கிறோம் என்பதும் தெரியும். நம் ஊர்களில் எடுப்புக் கழிப்பறை என்று இருந்ததே, அதில் மனிதர் மலத்தைத் தலையில் சுமந்தார்களே, அந்தக் கொடுமையைத் தடை செய்து 1993-இல் ஒரு சட்டமும், மேலும் கடுமையாக 2013-இல் மற்றொரு சட்டமும் வந்தன. மட்காத மலத்தை எடுக்க இன்னொருவரைப் பணியமர்த்துவது குற்றம். இருந்தும் செப்டிக் தொட்டியில் இறங்கி நச்சுவாயுவால் மடியும் தொழிலாளரின் செய்தி நம் மாநிலத்தில் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. உலர் கழிப்பிடம் என்ற பெயரில் நாமும் ஓர் எடுப்புக் கழிப்பறையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதா?

முடிவாக முறைப்பட்டியல் ஒன்று எழுதினோம். நாளுக்கு இருவர். கையுறை, மண்வெட்டி, சோப்பு. முன்கூட்டியே பேசி வைத்த தோப்புக்காரரின் மேட்டுத்திடலில், கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் வெகு தூரத்தில், ஓர் அடி ஆழமுள்ள பள்ளத்தில் இட்டு, மண்ணால் நன்றாக மூட வேண்டும். மேல்மண்ணில்தான் செரிக்கும் உயிர்கள் மிகுதி. ஆழத் தோண்டுவது வீண். ஓராண்டுக்கு அவ்விடத்தில் கீரை, காய் எதுவும் போடலாகாது என்று உரியவரிடம் சொல்லிவிட வேண்டும். பட்டியலின் முதற்பெயர் யாருடையது என்று பார்த்தோம். குழுத்தலைவரே தம் பெயரை எழுதியிருந்தார். இரண்டாவது பெயர், ஐந்நூறு ரூபாய் யோசனை சொன்னவருடையது. அதையும் தலைவரே எழுதினார்!

இரண்டாம் நாள் காலை அவ்விருவரும் வாளியோடு தோப்புக்குள் போனதை எல்லோரும் பார்த்தும் பாராதது போல் இருந்தோம். கால் மணியில் திரும்பி வந்து, கேனை மிதித்துக் கை கழுவிக்கொண்டு, காபி கேட்டார்கள். "நாற்றம் அடிக்கும்னு நெனச்சேன். கொல்லையில எரு அள்ளுறது இதைவிட மோசம்" என்றார் இரண்டாமவர்.

அன்று நண்பகலில் அதே புளியமரத்தடியில் இளைப்பாறினோம். அத்தை தம் பையிலிருந்து எவர்சில்வர் செம்பை எடுத்துக் குழாயடியில் பிடித்து, நிரம்பியதும் அண்ணாந்து குடித்தார்கள். பின்னர் இன்னொரு செம்பு பிடித்தார்கள். இவ்வாண்டு டிரம்மோடு கேன்களை நான்காகக் கூட்டியிருக்கிறோம். உமிச்சாம்பலுக்கும் ஆலையில் இப்போதே சொல்லி வைத்தாயிற்று.